குருநாகல் கடந்த பின்னர்: பரபரப்பான விமான நிலையத்தின் குறுக்கே ஹெலிகொப்டரைச் செலுத்துவது எப்படி

மட்டக்களப்பில் வார இறுதிகளில் என்னிடம் விமானிகளுக்கான வானொலித் தொடர்பாடலைப் பயில வரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஒரு கணக்குக் கொடுப்பேன். திமிலைதீவுப் பக்கம் உள்ள எமது விமான நிலையத்திலிருந்து ஹெலிகொப்டரில் புறப்பட்டு, நீர்கொழும்புக் கடற்கரையில் ஓர் இறங்குதளத்துக்குப் போக வேண்டும்; வழியை வரைபடத்தில் கீறிக் காட்டுங்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. அநேகமானோர் அடிமட்டத்தை வைத்து நேர்கோடு ஒன்றை இழுப்பார்கள். ஏறத்தாழ 110 கடல் மைல் நீளமான அந்தக் கோடு நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேலே போகிறது என்பதையும், அங்கே 1,800 மீற்றரைத் தாண்டிய சிகரங்கள் முகிலுக்குள் நிற்கும் என்பதையும் சுட்டிக்காட்டியதும், கோட்டை அழித்துவிட்டுப் பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் என்று வடக்கால் சுற்றிவரும் வழியைக் கீறுவார்கள். அது நல்ல வழி. ஆனால் குருநாகலிலிருந்து நீர்கொழும்புக்கு மறுபடியும் நேர்கோடே இழுக்கப்படும். மலையைக் கண்டு விலகிய அதே மாணவர், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மலையை அங்கே நேரே ஊடறுத்துவிடுகிறார்.

அந்த மலை கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்தின் இறுதி அணுகுகோடு, அதாவது இறங்கும் விமானங்கள் ஓடுபாதைக்கு நேராக வரும் வான்கோடு. அங்கே இருப்பது ஒரேயொரு ஓடுபாதை. நீளம் 3,350 மீற்றர். வடகிழக்கு முனையின் பெயர் 22, தென்மேற்கு முனையின் பெயர் 04. குருநாகல் – நீர்கொழும்பு நேர்கோடு, 22ஆம் முனைக்கு ஏறத்தாழ 7 கடல் மைல் முன்னால் அந்த அணுகுகோட்டை வெட்டுகிறது. பயணிகள் விமானங்கள் வழமையாக இறங்கிவரும் சரிவு 3 பாகை. அதாவது ஒரு கடல் மைலுக்கு 300 அடிக்குச் சற்றுக் கூடுதலாக இறங்குகின்றன. ஆகவே 7 மைலில் அவை 2,200 அடியளவில் இருக்கும். வயல்வெளிகளையும் தென்னந்தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு 2,000 அடியில் இதமாகப் பறந்துவரும் ஹெலிகொப்டரும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் அந்த இடத்தை அடையும்.

இக்கட்டுரை அந்தக் கடைசிப் பத்து மைலைப் பற்றியது. கட்டுநாயக்கவை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், கோலாலம்பூரிலோ தோஹாவிலோ வேலைக்குப் போகப்போகும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதே முறைதான் பயன்படும். இங்கே நான் தரும் உயரங்களும் இடங்களும் விளக்கத்துக்கானவை. பறக்கப்போகும் நாளில் செல்லுபடியாகும் உயரம், அலைவரிசை, அறிக்கையிடும் இடம் ஆகியவற்றை நாட்டின் வான்பயணத் தகவல் வெளியீடான ஏஐபியிலும் விமானிகளுக்கென வெளியிடப்படும் அன்றைய ‘நோட்டாம்’ அறிவித்தல்களிலும் மட்டுமே பார்க்க வேண்டும்.

யார் யாரைப் பிரித்துவைக்கிறார்

போக்குவரத்தைக் கட்டுப்பாட்டாளர் நெறிப்படுத்தும் கட்டுப்பாட்டு வான்பரப்பை நெருங்குமுன், எழுத்தால் குறிக்கப்படும் அதன் வகுப்பை அறிந்திருக்க வேண்டும். வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான கண்பார்வை விதிகளின்படி செல்லும் ஹெலிகொப்டர் பி, சி, டி ஆகிய எந்த வகுப்புக்குள் நுழைவதற்கும் அனுமதி பெறவேண்டும். இருவழி வானொலித் தொடர்பும் வேண்டும். இதைப் பலரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைத்தான் மறந்துவிடுகிறார்கள். சி வகுப்பில், கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்கான கருவி விதிகளின்படி இறங்கிவரும் பயணிகள் விமானத்திலிருந்து உங்களைப் பிரித்துவைப்பது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. டி வகுப்பில் அவர் அந்த விமானத்தைப் பற்றிய தகவலை மட்டுமே தருவார். அதைக் கண்டு விலகுவது உங்களுடைய பொறுப்பு. இரண்டிலும் அதே குரல், அதே மரியாதையோடு, ஏறத்தாழ அதே சொற்களைச் சொல்லும். எந்த வகுப்பில் இருக்கிறோம் என்று தெரியாத விமானி, தன்னை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நினைப்பிலேயே பறந்துகொண்டிருப்பார்.

கச்சான் அடித்தால் 22

எந்த முனை பாவனையில் இருக்கிறது என்பதை வானொலியில் கேட்குமுன்னரே ஊகிக்கப் பழகுங்கள். விமானங்கள் காற்றை எதிர்கொண்டே இறங்குகின்றன, எழுகின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கச்சான் அடித்து உதடு வெடிக்கும் மாதங்களில், அதே தென்மேற்குக் காற்று மலைக்கு அப்பால் ஈரத்தோடு கட்டுநாயக்கவில் வீசுகிறது. ஆகவே விமானங்கள் வடகிழக்கிலிருந்து வந்து 22இல் இறங்குவதை எதிர்பார்க்கலாம். மாரியில் வாடை எழும்பினால் நிலைமை தலைகீழாகும். அப்போது அவை கடற்பக்கமிருந்து நீர்கொழும்பு வாவிக்கு மேலாக வந்து 04இல் இறங்கும். கடலோரக் காற்று நாளுக்குள்ளேயே திசை மாறும் என்பதால் ஊகத்தை முடிவாகக் கொள்ளாமல், ஒலிபரப்பாகும் நிலையத் தகவலைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஊகம் இருந்தால், கட்டுப்பாட்டாளர் பேசும்போது படம் மனதில் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும். அவருடைய சொற்கள் அந்தப் படத்தில் தாமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓடுபாதையின் தலைக்கு மேலே ஏன்

“சேர், விமானம் இறங்குகிற இடத்துக்கு மேலாலேயே போகச் சொல்கிறீர்களே” என்று கல்முனையிலிருந்து வரும் மாணவி ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஏழு மைலில் குறுக்கிட்டால் 2,200 அடியில் விமானம். மூன்று மைலில் குறுக்கிட்டால் 1,000 அடியில் விமானம். ஓடுபாதையின் தொடக்கத்திலோ அது 50 அடியில் இருக்கும். அங்கே 1,500 அடியில் செங்குத்தாகக் கடக்கும் ஹெலிகொப்டருக்கும் இறங்கும் விமானத்துக்கும் நடுவே 1,400 அடிக்கு மேற்பட்ட வெளி இருக்கிறது. எழும்பப்போகும் விமானமும் அதே முனையில் தரையில்தான் நிற்கும். ஆகவே இறங்குவதும் எழுவதும் ஒருசேரத் தாழ்வாக இருக்கும் ஒரே இடம், பாவனையில் உள்ள முனையின் தலைமேல்தான். கோபுரத்தில் இருப்பவரும் உங்களைக் கண்ணால் காண்பார்.

மற்ற முனை அப்படியல்ல. 22இல் எழுந்த விமானம் 04ஆம் முனையைத் தாண்டும்போது நிமிடத்துக்கு 2,000 அடியளவில் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் உயரத்தை எந்தக் கணத்தில் அது தொடும் என்பது அதன் பாரத்தையும் அன்றைய வெப்பத்தையும் பொறுத்தது. அந்தப் பக்கத்தால் கடப்பதை நான் விரும்புவதில்லை. கட்டுப்பாட்டாளர் தாமே தந்தால் ஒழிய.

தலைமேல் கடப்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. இறங்க வந்த விமானம் இறங்காமல் மீண்டும் மேலெழுவதைக் கோ-எரவுண்ட் என்கிறோம். 200 அடிவரை இறங்கிவிட்டு எழுவது உங்களுக்குக் கீழே தொடங்குவதால், அது ஏறிவருவதற்குள் நீங்கள் கடந்துவிடலாம். மூன்று மைல் தொலைவில் 1,000 அடியிலேயே மனம் மாறி எழுகிற விமானமோ ஓடுபாதையின் தொடக்கத்தை அடையும்போது உங்கள் உயரத்தை எட்டியிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். ஆகவே இறங்கும் விமானத்தைக் கண்டுவிட்டோம் என்று கண்ணை எடுத்துவிடாமல், அதன் சக்கரம் நிலத்தைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உலகின் பெரிய நிலையங்கள் பல இந்தத் தத்துவத்தையே நிரந்தர வழியாக்கி வைத்திருக்கின்றன. லொஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தின் மேலாகக் கண்பார்வை விதிகளின்படி பறப்பவர்களுக்கென்று ஒதுக்கிய விசேட வழி, ஓடுபாதைகளுக்கு மேலாகவே செல்கிறது. தென்கிழக்கே போகிறவர் 3,500 அடியிலும் வடமேற்கே போகிறவர் 4,500 அடியிலும் பறக்க வேண்டும், ரேடாருக்கு வானூர்தியை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பொண்டர் கருவியில் 1201 போட வேண்டும், 140 நொட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தைத் தாண்டக்கூடாது. லண்டனிலோ ஹீத்ரோவைச் சூழ்ந்த வான்பரப்பில் எச் என்ற எழுத்தும் இலக்கமும் கொண்ட ஹெலிகொப்டர் வழிகள் வரைபடத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று தேம்ஸ் ஆற்றைத் தொடர்ந்தே வளைந்து வளைந்து செல்கிறது. ஆற்றைப் பிடித்துப் போகிறவர் வழி தவறுவது அரிது. அதோடு, ஒற்றை இயந்திர ஹெலிகொப்டர் இடையில் நின்றுபோனால் வீட்டுக் கூரைகளின்மேல் விழாமல் இருக்க வேண்டும் என்ற கவலையும் அந்த வளைவுகளுக்குள் இருக்கிறது.

கல்லடி மணலில் ஒத்திகை

பறக்குமுன் நடந்து பார்க்கச் சொல்வது என் வழக்கம். கல்லடிக் கடற்கரையில் நீர் வற்றிய ஈரமணலில் ஒரு கடல் மைலுக்குப் பத்து அடிவைப்பு என்று கணக்குவைத்து, ஓடுபாதையாகப் பதினெட்டு அடிவைப்பு நீளத்துக்கு ஒரு கோடு கீறுகிறோம். அதன் முனையிலிருந்து எழுபது அடிவைப்புக்கு அணுகுகோட்டை நீட்டுகிறோம். ஒருவர் பயணிகள் விமானம். 140 நொட் வேகத்தில் வருபவர் என்பதால் நிமிடத்துக்கு இருபத்துமூன்று அடி வைக்கிறார். இன்னொருவர் ஹெலிகொப்டர், 90 நொட், நிமிடத்துக்குப் பதினைந்து அடி. மூன்றாமவர் கையில் கடிகாரத்தோடு கோபுரமாக நிற்கிறார். கடலை விற்பவர்கள் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் தாளில் விளங்காத ஒன்று மணலில் விளங்கிவிடுகிறது. நான்கு மைலில் இருக்கும் விமானம் ஓடுபாதையை அடைய ஒன்றேமுக்கால் நிமிடம்கூட ஆகாது. கோட்டிலிருந்து ஒரு மைல் தள்ளிக் காத்திருக்கும் ஹெலிகொப்டர் கோட்டை அடைய நாற்பது விநாடி வேண்டும். மறுபக்கம் ஒரு மைல் விலகிப்போக இன்னொரு நாற்பது. அதாவது நான்கு மைலில் விமானம் வருகையில் அதற்கு முன்னால் கடக்கப் புறப்பட்டவர், அது தொடுமுனைக்கு அருகில் வரும்போதுதான் மறுபக்கம் ஒதுங்கி முடிப்பார். வானொலியில் ஒருவர் இடைமறித்துப் பேசிவிட்டாலோ, எதிர்க்காற்று பத்து நொட் கூடினாலோ அந்த மிச்சமும் போய்விடும். இதை நடந்து பார்த்த மாணவர்கள், “முன்னால் கடக்கலாமா” என்று கேட்பதைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள்.

புறப்படுமுன்

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் கண்பார்வை விதிகளின்படி பறக்கும் ஹெலிகொப்டருக்குச் சர்வதேச நியமம் கோரும் இறுதி ஒதுக்கம், அதாவது தொடாமல் மிச்சம் வைக்க வேண்டிய எரிபொருள், 20 நிமிடப் பறப்புக்கானது. பரபரப்பான நிலையமொன்றைக் கடக்கப்போகிறவர் அதற்கு மேலதிகமாக, வெளியே வட்டமிட்டுக் காத்திருப்பதற்கும், அனுமதி கிடைக்காமல் சுற்றிப்போவதற்கும் கணக்குவைக்க வேண்டும். எரிபொருள் குறைவாக உள்ள விமானியின் குரலில் அவசரம் ஏறும்; அவசரம் ஏறிய குரலுக்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் “ஸ்டான்ட்பை”, அதாவது காத்திருங்கள் என்பதுதான்.

வரைபடத்தில் மூன்று புள்ளிகளைக் குறியுங்கள்: அழைக்கும் இடம், அனுமதி வராவிட்டால் தரித்து வட்டமிடும் இடம், திரும்பிப்போகும் வழி தொடங்கும் இடம். அழைக்கும் இடம் கட்டுப்பாட்டு வான்பரப்பின் எல்லையிலிருந்து குறைந்தது பத்து மைல் வெளியே இருக்கட்டும். தரிக்கும் இடம் மேலிருந்து ஐயமின்றி அடையாளம் காணக்கூடிய குளமாகவோ சந்தியாகவோ இருக்க வேண்டும்; கம்பஹா மாவட்டத்துத் தென்னந்தோட்டங்கள் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

உயரமானியின் அழுத்த அமைப்பை மாற்ற மறப்பது சிறிய பிழைபோலத் தோன்றும். கடல் மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபஸ்கல் ஏறத்தாழ 27 அடிக்குச் சமம். அப்பிரதேசத்தின் கியூஎன்எச் (கடல் மட்டத்துக்குக் கணித்த காற்றழுத்தம்) 1009 ஆக இருக்கும்போது நியம அழுத்தமான 1013ஐயே வைத்திருந்தால், கருவி 1,500 காட்டும்போது நீங்கள் 1,400 அடிக்குச் சற்றுக் கீழே இருப்பீர்கள். நூறு அடி எவ்வளவு பெரியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் அழைப்பு

வானொலியில் பேசுவது ஆங்கிலத்தில். கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் பலர் பறத்தலைவிட இதற்கே கூடுதலாக அஞ்சுகிறார்கள். எனக்கும் தொடக்கத்தில் அந்த அச்சம் இருந்தது. பயிலுநராக இருந்தபோது ஒரு பெரிய நிலையத்தை நெருங்கி, எழுதிவைத்திருந்த வாக்கியம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மறுமுனையிலிருந்து, “யாரோ அழைத்தீர்கள், மறுபடி சொல்லுங்கள்” என்ற பொருளில் ஒரு பதில் வந்தது. நான் பேசிய அரை நிமிடத்துக்குள் இறங்க வந்த இரண்டு விமானங்கள் தமது அழைப்பைச் சொல்ல முடியாமல் காத்திருந்தன.

ஆகவே முதலில் கேளுங்கள். அலைவரிசையை மாற்றியதும் பத்துப் பதினைந்து விநாடிகள் வாய்திறவாமல் இருந்தால், எத்தனை விமானங்கள் வருகின்றன, எந்த முனையில் இறங்குகின்றன என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பிறகு நிலையத்தின் பெயரையும் உங்கள் அழைப்புப் பெயரையும் மட்டும் சொல்லுங்கள். இலங்கைப் பதிவு 4ஆர் என்று தொடங்கும். உங்களுடையது எக்ஸ்ரே யாங்கி ஸூலு என்று முடிவதாகக் கொள்வோம். “அப்ரோச், ஃபோர் ரோமியோ எக்ஸ்ரே யாங்கி ஸூலு.” அவ்வளவுதான். “பாஸ் யுவர் மெசேஜ்” என்ற பதில் வந்த பிறகே விபரம் சொல்ல வேண்டும்: வானூர்தி வகை, எங்கிருந்து எங்கே, இப்போது எங்கே, எந்த உயரம், என்ன வேண்டும். “பெல் டூ ஸீரோ சிக்ஸ், பட்டிகலோவா டு நெகம்போ, டூ ஸீரோ மைல்ஸ் நோர்த் ஈஸ்ட், டூ தௌசண்ட் ஃபீட், ரிக்வெஸ்ட் க்ரொஸ் ஓவர்ஹெட் த்ரெஷோல்ட் டூ டூ, ஈஸ்ட் டு வெஸ்ட்.” 22ஆம் முனையின் தலைமேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே கடக்க அனுமதி கேட்கிறேன் என்பதே கடைசிப் பகுதியின் பொருள். இதை நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும், நாக்கு பழகினால்தான் மூளை வெளியே பார்க்கும்.

“ஸ்டான்ட்பை” என்ற பதிலை அனுமதியென்று கொள்ளக்கூடாது. ட்ரான்ஸ்பொண்டர் இலக்கம் தரப்பட்டதும், ரேடாரில் தெரிகிறீர்கள் என்ற பொருளில் “ரேடார் கொண்டக்ட்” என்று சொல்லப்பட்டதுங்கூட அனுமதி அல்ல. உங்கள் அழைப்புப் பெயரோடு கடக்கலாம் என்ற தெளிவான சொல் வரும்வரை எல்லைக்கு வெளியே வட்டமிடுங்கள். அது வந்ததும் வழி, உயரம், கியூஎன்எச், நிபந்தனை ஆகிய அனைத்தையும் திருப்பிச் சொல்லுங்கள். “ரோஜர்” என்றால் கேட்டது என்று மட்டுமே பொருள். என்ன கேட்டது என்பது அதில் இல்லை. திருப்பிச் சொல்லும் வாக்கியத்தில்தான் கட்டுப்பாட்டாளர் தமது பிழையையும் உங்கள் பிழையையும் பிடிக்க முடியும்.

அனுமதி மறுக்கப்பட்டால் வாதிட வேண்டாம். வடக்கே பதினைந்து மைலுக்கு அப்பால் சுற்றிப்போனால் சில நிமிடங்களே கூடுதலாகச் செல்லும். ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வாகன நெரிசலில் வரும் நேரம்கூட இல்லை. ஹெலிகொப்டர் விமானிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது ஏனோ கடினமாக இருக்கிறது.

கடக்கும்போது

விளக்குகள் எல்லாவற்றையும் எரியவிட்டு, தரித்த இடத்திலிருந்து ஓடுபாதைக்குச் செங்குத்தாகத் திரும்புங்கள். சரிவாக வெட்டினால் கோட்டின்மேல் இருக்கும் நேரம் நீளும். வேகத்தைக் குறைக்கச் சொல்லாதவரை குறைக்க வேண்டாம். கட்டுப்பாட்டாளர் உங்கள் வேகத்தைக் கொண்டே இடைவெளியைக் கணித்திருக்கிறார். நடுவானில் நிறுத்தி நிற்க ஹெலிகொப்டரால் முடியும் என்பது உண்மைதான். ஆனால் சுமையோடும் வெக்கையோடும் பின்காற்றோடும் 1,500 அடியில் நிறுத்துவது இயந்திர வலுவின் எல்லையைத் தொடும், வால்சுழலியின் கட்டுப்பாட்டையும் சோதிக்கும். காத்திருக்க வேண்டுமென்றால் வேகத்தோடு வட்டமிடுவதே நல்லது.

பெரிய விமானத்தின் பின்னால் கடக்கும்போது அது விட்டுச்சென்ற சுழற்காற்றை நினைவில் வையுங்கள். இறக்கை நுனிகளிலிருந்து பிறக்கும் இரட்டைச் சுழல்கள் நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழே தாழ்ந்து, காற்றோடு நகரும். 136,000 கிலோவும் அதற்கு மேலும் எடைகொண்ட வானூர்திகள் ஹெவி என்ற சொல்லைத் தமது அழைப்புப் பெயரோடு சேர்ப்பது இதற்காகத்தான்; கட்டுநாயக்கவுக்கு வரும் ஏ330கள் அந்த வகை. விமானம் போன பாதைக்கு மேலே கடந்தால் சுழல் உங்களுக்குக் கீழே போய்விடும். கீழே கடந்தால் அது உங்கள் தலைமேல் இறங்கும். பெல் 206, ரொபின்சன் ஆர்44 போன்ற இரண்டு அலகுச் சுழலி கொண்டவற்றைச் செலுத்துபவர் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். குலுக்கலில் பதறிச் சுக்கானை முன்னே தள்ளினால், சுழலியின் தலைப்பகுதி அச்சில் மோதி முறியும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. வேகத்தை மெதுவாகக் குறைத்து, குலுக்கல் கடக்கும்வரை பொறுத்திருப்பதே முறை.

“தெரிகிறது” என்று சொல்லுமுன்

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனில் ரொனால்ட் ரீகன் தேசிய விமான நிலையத்தருகே, பொட்டோமக் ஆற்றின் மேலே, இறங்க வந்த சிஆர்ஜே700 பயணிகள் விமானமும் அமெரிக்க இராணுவத்தின் பிளாக் ஹோக் ஹெலிகொப்டரும் மோதின. விமானத்தில் 64 பேர், ஹெலிகொப்டரில் 3 பேர், ஒருவரும் தப்பவில்லை. அங்கே ஆற்றோரமாக ஹெலிகொப்டர்களுக்கு ஒதுக்கிய வழியின் உச்ச உயரம் 200 அடி. மோதிய கணத்தில் ஹெலிகொப்டர் 278 அடியில் இருந்ததாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் முதற்கட்ட அறிக்கை கூறுகிறது. அந்த வழியில் 200 அடியிலேயே பறந்தாலும், 33ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் நடுவே சில இடங்களில் 75 அடியளவே வெளி இருந்திருக்கும் என்பதையும் அச்சபை சுட்டிக்காட்டியது. நூறு அடி எவ்வளவு பெரியது என்று மேலே கேட்டதற்கு விடை அதுதான்.

அன்றிரவு ஹெலிகொப்டர்க் குழுவினர் விமானம் தெரிகிறது என்று சொல்லி, தாமே பார்த்து விலகிக்கொள்வதற்கு அனுமதியும் கேட்டிருந்தனர். கட்டுப்பாட்டாளர் அதன் பின்னால் கடக்கும்படி சொன்னார். அந்தக் கணத்தில் ஹெலிகொப்டரின் ஒலிவாங்கி ஒரு விநாடிக்கும் குறைந்த நேரம் அழுத்தப்பட்டிருந்ததால், பின்னால் கடக்கச் சொன்ன சொற்கள் அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். 2021 ஒக்டோபருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அதே நிலையத்தில் பயணிகள் விமானங்களும் ஹெலிகொப்டர்களும் கிடையாக ஒரு கடல் மைலுக்கும், செங்குத்தாக 400 அடிக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கிய தடவைகள் 15,214 என்று சபை எண்ணிக் காட்டியது. மோதல் நடந்த பகுதியூடாகச் சென்ற அந்த வழி பின்னர் மூடப்பட்டது.

நான் இதிலிருந்து என் மாணவர்களுக்கு இரண்டு பழக்கங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். முதலாவது, வெறுமனே “ட்ராஃபிக் இன் சைட்” என்று சொல்லிவிடாமல், எந்தத் திசையில், என்ன வகை, எதை நோக்கி இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது. நீங்கள் பார்த்தது வேறு விமானம் என்றால், கட்டுப்பாட்டாளருக்கு அது அப்போதே தெரிந்துவிடும். இரண்டாவது, இரவில் கண்ணால் பார்த்து விலகும் பொறுப்பைக் கேட்டு வாங்காமல் இருப்பது. தந்தாலும் “அன்ஏபிள்” என்று மறுத்துவிட்டு வெளியே வட்டமிடுவது. இந்த இரண்டாவதில் எல்லாப் பயிற்றுநர்களும் என்னோடு உடன்படுவதில்லை. அனுபவமுள்ள குழுவுக்கு அது தேவையற்ற கட்டுப்பாடு என்பார்கள். நகரத்து விளக்குகளுக்கு நடுவே ஓர் இறங்குவிளக்கைப் பிரித்தறிவது அனுபவத்தால் இலகுவாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த விளக்கில் ஒரு தந்திரமும் இருக்கிறது. இரவில் கடலுக்குப் போகும் எங்கள் மீனவர்கள் அதை அறிவார்கள்: எதிரே தெரியும் தோணியின் விளக்கு நம் பார்வையில் இடமோ வலமோ நகர்ந்துகொண்டிருந்தால் அது விலகிப்போகும், ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அது நம்மீதுதான் வருகிறது. விமானியின் முன்கண்ணாடியிலும் அப்படித்தான். அசையும் விளக்கைக் கண் தானாகவே பிடித்துவிடும். அசையாமல் நிற்பதைத் தேடித்தான் காண வேண்டும்.

வானொலி பழுதானால், மறுபக்கம் போன பின்னர்

வெளியே வட்டமிடும்போதே வானொலி நின்றுவிட்டால் உள்ளே நுழையக்கூடாது. ட்ரான்ஸ்பொண்டரில் 7600 போட்டு, கண்பார்வை நிலைமையில் இருந்தபடியே பொருத்தமான அண்மித்த இடத்தில் இறங்கி, தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது நின்றால் கோபுரத்தைப் பாருங்கள். வானில் உள்ளவருக்கு நிலையான பச்சை இறங்கலாம் என்பதையும், நிலையான சிவப்பு மற்றவருக்கு வழிவிட்டுத் தொடர்ந்து வட்டமிடுங்கள் என்பதையும், மின்னும் சிவப்பு நிலையம் பாதுகாப்பற்றது, இறங்க வேண்டாம் என்பதையும் குறிக்கும்.

கடந்து முடித்ததும் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அலைவரிசையை மாற்ற அனுமதி கிடைக்கும்வரை மாற்ற வேண்டாம். வாவியும் கடலும் தெரியும்போது மனம் இளகிவிடும். இரண்டாவது விமானம் ஏறிவரும் நேரமும் அதுவாக இருக்கலாம் என்பதால், இறங்குதளத்தைத் தேடுவதைச் சற்றுப் பிந்தி வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரையில் இறங்கியதும் பயணிகள் இறங்கிப் படம் எடுக்கத் தொடங்குவார்கள். சுழலி நின்று, அவர்கள் பாதுகாப்பாக விலகிய உடனே பறப்புத் திட்டத்தை முடித்துவைக்கும் அழைப்பை எடுத்துவிடுங்கள். கோபுரமில்லாத இறங்குதளத்தில் அதை உங்களுக்காகச் செய்ய எவரும் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த வருகை நேரத்திலிருந்து 30 நிமிடம் கடந்தும் தகவல் வராவிட்டால், தேடலின் முதற்கட்டம் தொடங்கும். அப்போது மணியடிக்கும் முதல் தொலைபேசி, நீங்கள் புறப்பட்ட மட்டக்களப்பில் இருப்பதாகவும் இருக்கலாம்.